ஆறும் பறவையும்

ரோமன் லிபியில் ஆர், ஓ, ஈ, கே என்ற நான்கு எழுத்துக்களை வரிசையாக எழுதினால் டச்சு, ஜுவாங் இரண்டிலும் அது ஒரு சொல். டச்சுக்காரர் அதை 'ருக்' என்று படிப்பார். காக்கை இனத்துக் கரிய பறவை ஒன்றின் பெயர். தென்சீனத்துக் குவாங்ஸியில் ஜுவாங் பேசுகிறவர் முதல் ஒலியைத் தொண்டையில் உரசவிட்டு, ஏறக்குறைய 'கொக்' என்று, உயர்ந்த தொனியில் சொல்வார். அவருக்கு அது எண் ஆறு.

டச்சுச் சொல் பழைய ஜெர்மானிய மூலத்திலிருந்து வந்தது. பறவையின் கரகரப்பே பெயராகியிருக்கிறது. நம் காக்கைக்கு ஆனது போல. ஜுவாங்கின் ஆறு, வெகு காலத்துக்கு முன் சீனத்திலிருந்து வாங்கியது. காண்டனீஸில் இன்றும் 'லுக்'.

இரண்டையும் ஒன்றாக்கியது சரித்திரமல்ல, அரசாங்க உத்தரவு. ஜுவாங் மக்கள் சீன எழுத்துக்களை ஒட்டித் தாங்களே உண்டாக்கிக்கொண்ட எழுத்தில்தான் பாட்டுக்களை எழுதிவந்தார்கள். 1957-ல் சீன அரசு ரோமன் எழுத்துக்களோடு ருஷ்ய எழுத்துக்களும் கலந்த ஒரு லிபியைத் தந்தது. 1982-ல் கலப்பை நீக்கித் தொனிக்கும் ரோமன் எழுத்துக்களையே வைத்தது. நம் சொல்லின் கடைசி கே உயர்ந்த தொனியின் குறி. அதை ஜி ஆக்கினால் தொனி இறங்கும், பொருள், பறவை!

டச்சுப் பறவைக்கும் ஜுவாங் பறவைக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். 'இதோ நம் கொக்கு' என்று துள்ளவும் இடமிருக்கிறது. இதைவிடக் குறைந்த சாட்சியத்தில் கண்டங்களை இணைத்தவர்கள் நம்மிடையே உண்டு.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ள கணக்குகள் பல. பெயர் ஒத்திருக்கிறது என்று ஒருவர் பணத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. சொற்கள் விஷயத்தில் மட்டும் ஏன் இந்தத் தாராளம்?

ஜுவாங்கின் நிஜமான உறவு தாய்லாந்தின் மொழி. அங்கே பறவை 'நொக்', தண்ணீர் 'நாம்'. ஜுவாங்கில் இரண்டுமே அந்தத் தொண்டை உரசலில் தொடங்குகின்றன. ஒரு சொல்லில் நேர்ந்தால் தற்செயல். சொல்லுக்குச் சொல் அதே இடத்தில் அதே மாற்றம் திரும்பி வந்தால் ரத்த சம்பந்தம். ஒத்திருப்பதல்ல, ஒழுங்காக மாறுபடுவதே உறவு.

கவிதைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். எலியட்டிடம் உள்ள ஒரு படிமம் இங்கே ஒருவரிடம் தென்பட்டால் உடனே 'பாதிப்பு' என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ஒன்று பறவையாகவும் மற்றது வெறும் ஆறாகவும் இருக்கக்கூடும்.