வீட்டு முற்றத்தில் ஒரு பந்தயக் கார்

மோட்டார் காரை விலைக்கு வாங்குவார் உண்டு; வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பார் உண்டு. வீட்டு முற்றத்திலேயே பழைய கார் ஒன்றைப் பிரித்து, பந்தயக் காராக அமைப்பாரும் உண்டோ என்று அன்பர்கள் வினவக் கூடும். உண்டு. அமெரிக்க நாட்டிலே இது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. நம் தமிழகத்திலும் இதற்கு நல்ல முன்னோடிகள் இருந்தார்கள். ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் நடுவே உள்ள ஏர்பேட்டில், மாதச் சம்பளத்தைக் கொண்டு குடும்பம் நடத்தும் ரயில்வே குமாஸ்தாவாகிய நாமும், நமது தம்பியும் இம்முயற்சியில் இறங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதில் கண்டவற்றை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்வது பயன் தரும் என்று கருதி இதனை எழுதுகிறோம். நாம் படித்தது பத்தாம் வகுப்பு வரையில்தான். ஆகையால் கைக்கு எட்டியதையே சொல்வோம்.

இவ்வகை வண்டிக்கு அமெரிக்கர் இட்ட பெயர் ‘ஹாட் ராட்’ என்பது. 1932-ல் போர்டு கம்பெனியார் எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய காரை நடுத்தர மக்களும் வாங்கக் கூடிய விலையில் வெளியிட்டனர். அதன் ஆற்றல் 65 குதிரைச் சக்தி. சில ஆண்டுகளில் அக்கார்கள் பழசாகி மலிந்தபோது, தென் கலிபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கி, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினைத் திருத்தி, நீர் வற்றிய ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகத்தை அளந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வாலிபர்களால் இவ்வழக்கம் நாடெங்கும் பரவிற்று. கூடவே, நள்ளிரவில் பொதுத் தெருக்களில் பந்தயம் விடும் தீய வழக்கமும் பரவிற்று. அதைத் தடுக்க வேண்டும் என்று வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தோற்றுவித்தார். தெருவில் நடந்ததைத் தனி ஓடுதளத்துக்குக் கொண்டுபோய், விதிகளுக்குள் அடக்கினார். நேர் பாதையில் கால் மைல் தூரம், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு யார் முந்துகிறார் என்று பார்ப்பதே ‘டிராக்’ பந்தயம். கால் மைல் என்றால் 1,320 அடி. நம் முன்னோர் கணக்கில் இரண்டு பர்லாங்கு. போர்க் காலத்தில் அமைத்த விமான ஓடுதளங்கள் பல இப்பந்தயங்களுக்கு இடம் தந்தன.

நமது நாட்டிலும் அவ்வண்ணமே நிகழ்ந்தது ஒரு வியப்பு. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில் உலகப் போரின்போது விமானத் தளம் ஒன்று அமைத்திருந்தார்கள். 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அத்தளத்திலே பல்லாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தினர். பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கழகத்தாரே சொந்தமாகப் பந்தயப் பாதை அமைத்துக்கொண்டனர். அந்நாளில் வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது பெருஞ்செல்வர்க்கே இயலும். மற்றவர் என்ன செய்வது? சாலையில் ஓடிய சாதாரண கார்களையே பிரித்துப் பூட்டிப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்தனர். கோயம்புத்தூர் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன் இத்துறையில் பெரும் பணி செய்தவர். மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைக் கொண்டு, குறைந்த செலவில், ஒருவர் அமரும் பந்தயக் காரை அவர் 1980-களின் இறுதியில் உருவாக்கினார். பணம் மிகுதியாக இல்லாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர அது வழி திறந்தது. 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய நாராயண் கார்த்திகேயன் தொடக்கத்தில் பழகியதும் அவ்வகைக் காரிலேதான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயப் பாதை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி நமது வீட்டுச் செய்திக்கு வருவோம். நமது தந்தையார் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து 1979-ல் இவ்வூருக்குக் கார் ஓட்டும் வேலைக்கு வந்தவர். அவர் ஓட்டியது 1969-ல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நான்கு கதவு உள்ள செடான். முதலாளி முதுமையில் அதனை அவருக்கே கொடுத்துவிட்டார். ஹெரால்டு என்பது சென்னையை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையில் செய்த கார். வடிவமைத்தவர் மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். எஞ்சின் 948 சி.சி. கொள்ளளவு உடையது. தந்தையார் 2016-ல் மறைந்த பின் வண்டி ஓலைச் சார்ப்பின் கீழ்த் தூசி படிந்து நின்றது.

தம்பி ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறான். பழைய அமெரிக்க டிராக் செடான்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு ஆசை மூண்டுவிட்டது. முன்புறம் நிமிர்ந்து, பின்னே அகன்ற சக்கரங்களோடு, கூரையை அறுத்துத் தாழ்த்திய தோற்றம்! “அண்ணா, நம்ம வண்டியை அப்படிச் செய்யலாம். கூரையில் நான்கு விரற்கடை அறுத்தால் போதும், பெரிய எஞ்சினாகப் பார்த்து வைத்துவிடலாம்” என்றான். நமக்கும் அவ்வாசை இல்லாமற் போகவில்லை. தாயார் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அறுத்தால் பழையபடி ஆகுமா, சின்னவனே?” அவன், “வெல்டிங் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் அம்மா” என்றான். “ஒட்டிக்கொள்ளும். உங்கள் அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டியாக இருக்குமா?” என்றார். அதற்கு எங்கள் இருவரிடமும் விடை இல்லை. பத்து நாள் வரையில் வீட்டில் அப்பேச்சையே எவரும் எடுக்கவில்லை.

அதற்கிடையில் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தோம். பெட்டி போட்டு வண்டியைச் சாலையில் விடக் கருதும் அன்பர்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தித் தீர்ப்புக் கூறியது. ஆகவே கூரையை அறுத்த ஹெரால்டு பொதுச் சாலையில் ஓடும் உரிமையை இழந்துவிடும். மேலும், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் சொந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ வண்டி எனப் பதிந்துகொள்ள 2021 ஜூலையில் மத்திய அரசார் விதி வகுத்தனர். கட்டணம் 20,000 ரூபாய். தந்தையாரின் வண்டி அவ்வயதைக் கடந்துவிட்டது. ஒரு முறை அறுத்துவிட்டால் அத்தகுதியும் போய்விடும். தாயார் சட்டம் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் கேட்ட கேள்வியையே சட்டமும் கேட்கிறது என்று கண்டோம்.

முடிவில் ஹெரால்டின் அமைப்பே வழி காட்டிற்று. இக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே இருக்கும். ஹெரால்டுக்கோ சேசிஸ் என்னும் அடிச்சட்டம் தனி. மேலுள்ள உடல் தனி. இரண்டையும் பிணைப்பவை போல்ட்டுகளே. ஆகவே உடலைத் தூக்கி வேறு சேசிஸின் மேல் வைக்கலாம். வேண்டும்போது திருப்பி வைக்கலாம். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் பல உண்டு. இரண்டு மாதம் அலைந்து, அங்கிருந்து ஒரு பழைய சேசிஸையும் ஓர் எஞ்சினையும் வாங்கினோம். சீட்டுப் பணம் முழுவதும் அதற்கே சரியாயிற்று. அறுப்பதும் ஒட்டுவதும் அந்தச் சேசிஸில் மட்டும்; தந்தையார் வண்டியின் எந்தப் பகுதியிலும் இரம்பம் படக் கூடாது; கழற்றிய எதுவும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பூட்டும் நிலையில் இருக்க வேண்டும். இம்மூன்றும் நாங்கள் எழுதி ஒட்டிய விதிகள். தாயார் இதனைக் கேட்டு, “கூத்துக்கு வேடம் கட்டுகிறவன் மாதிரி. விடிந்தால் கலைத்துவிட வேண்டும், அவ்வளவுதானே?” என்று இசைந்தார்.

முதற் செலவு எஞ்சினுக்கு அன்று, பிரேக்குக்கே. நிற்கத் தெரியாத வண்டிக்கு வேகம் எதற்கு? நான்கு சக்கரத்துக்கும் புதிய வீல் சிலிண்டர், புதிய ஹோஸ், புதிய லைனிங் மாற்றினோம். எரிபொருள் குழாயையும் புதிதாக்கி, தீயணைக்கும் கருவி ஒன்றை ஓட்டுநர் கைக்கு எட்டும்படி பூட்டினோம். பிறகே எஞ்சினைத் திறந்தோம். சிலிண்டர் ஹெட்டை லேத் பட்டறையில் சிறிது இழைத்து அழுத்தத்தைக் கூட்டினோம். மிகையாக இழைத்தால் பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனைக் கெடுக்கும். ஆகவே ஆசைக்கு அளவு வைத்தோம். ஒன்றுக்கு இரண்டாகக் கார்பரேட்டர் வைத்தோம். புகை தடையின்றி வெளியேற நான்கு கிளைக் குழாயைத் தம்பி தன் கையாலேயே வளைத்து வெல்டிங் செய்தான். அது அவன் வேலைத் திறனுக்கு நற்சான்று.

முன்புறத்தை நிமிர்த்துவதன் பொருள் அழகு மட்டும் அன்று. வண்டி திடீரெனப் பாயும்போது பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. பின் சக்கரங்களே இழுப்பவை ஆதலால், அவற்றின் மேல் பாரம் ஏறினால் தரையை நன்கு பற்றும். ஆயினும் ஹெரால்டில் ஓர் அபாயம் உண்டு. அதன் பின் அச்சு ஒரே தண்டு அன்று. நடுவிலிருந்து இரு புறமும் தனித்தனியே அசைவது. பின்புறம் உயர்ந்தால் சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே மடங்கி, வளைவில் வண்டி புரளக் கூடும். இந்தியாவில் இதன் பின் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் ஒரே தண்டாக அச்சை மாற்றியதற்கும் இந்த அமைப்பின் மேல் இருந்த மனக்குறையே காரணம். ஆகையால் பின்புறத்தை நாங்கள் உயர்த்தவே இல்லை. முன்புறத்தை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்தினோம். படத்தில் உள்ள அளவு நிமிரவில்லையே என்று தம்பிக்கு வருத்தந்தான். உயிருக்கு ஆபத்து இல்லாத வருத்தம் அது.

இவ்வேலையில் எதிர்பாராத இலாபம் ஒன்று கிடைத்தது. கழற்றிய போல்ட்டு, நட்டு, வாஷர், பிடி, கொக்கி எல்லாவற்றையும் பழைய பிஸ்கட் டப்பாக்களில் இட்டு, பெயர் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. நமது மகள் படிப்பது தெலுங்குப் பள்ளியில். தமிழ் பேசுவாள், எழுதப் பழகவில்லை. பாட்டி பக்கத்தில் அமர்ந்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, ‘இடக் கதவு மேற்கீல்’, ‘முன் விளக்கு வளையம்’ என்று அவளே எழுதினாள். ‘ழ’கரமும் ‘ற’கரமும் முதலில் படாத பாடு படுத்தின. நூறு டப்பாக்கள் முடிந்தபோது கை திருந்திவிட்டது. எங்களுக்கு எஞ்சின் வேலை கற்பித்த தெலுங்கு மேஸ்திரி, தமக்கு விளங்குவதற்காகத் தெலுங்கிலும் எழுதச் சொன்னார். அதனால் டப்பாதோறும் இரு மொழியும் இருக்கின்றன. ஐ.ஐ.டி. அமைந்துள்ள ஊரில் இருக்கிறோம். நமது கல்விச்சாலையோ இந்த டப்பா வரிசை.

இவ்வண்டியைப் பொதுச் சாலையில் நாங்கள் இறக்குவதில்லை. அறிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் வேலிக்குள் நேரான தனி வழி ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் 150 மீட்டர். கால் மைலுக்கு 402 மீட்டர் வேண்டும். ஓடி நிற்பதற்கு அதன் மேலும் வெகு தூரம் வேண்டும். எனவே முழு ஓட்டம் இன்னும் விடவில்லை. சென்ற தை மாதம் முதன்முறையாகத் தம்பி பெல்ட்டு கட்டி, தலைக்கவசம் அணிந்து, பாதி வழி வரை ஓட்டி நிறுத்தினான். வண்டி கோணாமல் நேராக நின்றது. பிரேக் மிதித்த இடத்திலிருந்து நின்ற இடம் வரை மேஸ்திரி நாடா பிடித்து அளந்து, தலையை அசைத்தார். தாயார் தோப்பு வாயிலிலேயே நின்று பார்த்தார். “சத்தம் வேறு, ஆனால் முகம் அதேதான்” என்றார். முறையான பந்தயப் பாதையில் ஓட்டுவதற்குப் பாதுகாப்புக் கூண்டும் பரிசோதகர் அனுமதியும் வேண்டும். கூண்டுக்குரிய குழாய்களுக்குப் புதிய சீட்டு ஒன்று கட்டிவருகிறோம்.

பழைய வண்டி வைத்திருக்கும் சங்கத்து அன்பர்களுக்கு எமது வேண்டுகோள் இதுவே: பிள்ளைகளுக்கு ஆசை பிறந்தால் தடுக்காதீர்கள், கையில் ஸ்பேனரைக் கொடுங்கள். இரம்பத்தை மட்டும் கடைசி வரை கொடுக்காதீர்கள். கழற்றியது திரும்பும்; அறுத்தது திரும்பாது. ஊர் விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தந்தையாரின் சேசிஸ் எண்ணெய் பூசி, சாக்குச் சுற்றி, சார்ப்பின் கீழ்ப் பத்திரமாக இருக்கிறது. ஏர்பேடு வழியே திருப்பதிக்கோ காளத்திக்கோ செல்லும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் இரண்டையும் காணலாம். டப்பாக்களைக் காட்டும் பொறுப்பு நமது மகளுடையது.