கேட்டில் சொருகும் தகடு

திரையில் படம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பதைக் கேமராமேன் மட்டும் முடிவு செய்வதில்லை. ஆபரேட்டர் கேபினில், புரொஜெக்டரில் பிலிம் கடந்துபோகும் கேட்டில் சொருகும் அபெர்ச்சர் பிளேட்டுக்கும் அதில் பங்குண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் தகடு அது. அதன் நடுவே வெட்டிய ஓட்டை விட்ட அளவுதான் திரைக்குப் போகும்.

35 எம்.எம். பிலிமில் ஒரு ஃபிரேமுக்கு ஓரத்தில் நாலு துளை. மௌனப் படக் காலத்தில் துளைகளுக்கு இடைப்பட்ட இடம் முழுக்கப் படத்துக்கே. அகலம் உயரத்தைப் போல் 1.33 மடங்கு. பேசும் படம் வந்ததும் ஓரத்தில் ஒலித்தடம் இடம் பிடித்துக்கொண்டது. 1932இல் ஹாலிவுட்டில் 1.37 என்று நிலைப்படுத்தினார்கள்.

டெலிவிஷன் கூட்டத்தை இழுத்த 1950களில் அகலத்திரை இரண்டு வழியில் வந்தது. ஃபிளாட் எனப்படும் 1.85 என்பது அதே ஃபிரேமின் மேலும் கீழும் தகட்டால் மறைப்பது. மறைத்த பகுதியிலும் பிலிமில் காட்சி இருக்கும். பழைய 1.37 தகட்டையே போட்டு ஓட்டினால் கதாநாயகி தலைக்கு மேல் மைக் தொங்கும். பழி கேமராமேன்மேல் விழும். வெளிச்சத்திலும் ஒரு பங்கு தகட்டில் மோதியே வீணாகிறது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழியான சினிமாஸ்கோப், சுருக்கமாக ஸ்கோப்தான். பிரெஞ்சுக்காரர் ஆன்றி கிரெத்தியன் 1920களில் உருவாக்கிய லென்ஸிலிருந்து பிறந்தது. அதில் முதலில் வந்தது 1953இல் ‘தி ரோப்’, தமிழில் 1973இல் ‘ராஜராஜ சோழன்’. பிரிண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முகமெல்லாம் ஒடுங்கி நீண்டிருக்கும். கேமரா லென்ஸ் பாதியாக நெருக்கியதைப் புரொஜெக்டர் லென்ஸ் இரு மடங்காக விரிக்கிறது. ஃபிரேமின் உயரம் ஏறக்குறைய முழுதும் பயன்படுவதால் படம் துல்லியமாக விழும். 2.35 என்று இன்றும் சொன்னாலும், பிலிம் ஒட்டு தெரியாமலிருக்க உயரத்தைச் சற்றுக் குறைத்து 1970களிலேயே 2.39 ஆக்கிவிட்டார்கள்.

கேபின் உயரத்தில் இருந்தால் படம் மேலே குறுகிக் கீழே விரியும். அதற்காகத்தான் ஓட்டையைச் சிறிதாக வைத்துத் தகட்டைத் தருவார்கள். வெளிச்சம் விட்டுத் திரை ஓரத்தைப் பார்த்து, கழற்றி, அரத்தால் ஓர் இழுப்பு ராவி, மறுபடி சொருகிப் பார்க்க வேண்டும். 40 அடித் திரையில் ஸ்கோப் தகட்டின் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக ராவினால் திரையில் ஏறத்தாழ இரண்டடி போய்விடும். அவசரக்காரர்களிடம் அரத்தைக் கொடுக்கவே கூடாது.

டிஜிட்டலில் தகடு இல்லை. 2கே கோப்பில் ஸ்கோப் 2048க்கு 858, ஃபிளாட் 1998க்கு 1080 புள்ளிகள். இப்போது பல அரங்குகளில் ஃபிளாட்டுக்கேற்ற திரையைக் கட்டிவிடுகிறார்கள். அதில் ஸ்கோப் படம் மேலும் கீழும் சாம்பல் பட்டையோடு, ஃபிளாட்டைவிடச் சின்னதாகத் தெரிகிறது. பக்கத்துக் கறுப்புத் துணி விலகித் திரை அகலும் என்று நம்பித்தானே இயக்குநர் அந்த அளவில் எடுத்தார்? அரங்கு கட்டுகிறவர்கள் கேட்டால், உயரத்தை முதலில் முடிவு செய்து, அகலத்தை அதைப் போல் 2.39 மடங்கு வையுங்கள் என்பேன். சுவர் இடம் தராவிட்டால், மேலும் கீழும் நகரும் கறுப்புத் துணியாவது கட்டாயம் வேண்டும்.