பெட்டிக்குள் விரிக்கும் துணி

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களின் வீட்டில் மேஜை நாற்காலி இருக்கிறதோ இல்லையோ, மரப்பெட்டி ஒன்று நிச்சயம் இருக்கும். கட்டிலுக்கு அடியிலோ, பரண்மீதோ, சுவாமி மாடத்துக்குப் பக்கத்திலோ அது கிடக்கும். அதன் வெளிப்புறத்துக்கு நாம் செய்யும் உபசாரங்கள் பல. பொங்கலுக்கு முன் துடைத்து வார்னிஷ் பூசுகிறோம். பித்தளைப் பூணைப் புளியிட்டுத் துலக்குகிறோம். உட்புறத்தைப் பற்றிக் கேட்டாலோ, “அதற்கென்ன, ஒரு பழைய பேப்பர் போட்டிருக்கிறது” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் விடை. அந்த உட்புறத்தைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

நான் தச்சனும் அல்லன், தையற்காரனும் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரெயில்வேயில் சேர்ந்து, இப்போது கரக்பூரில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருப்பவன். ஆனால் எங்கள் கண்முன் நாள்தோறும் பெட்டிகளும் கூடைகளும் போய் வந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே பொருள் குலுங்கும் ஓசையைக் கேட்டே, அது முழுசாகப் போய்ச் சேருமா சேராதா என்று எங்கள் கூலியாட்கள் சொல்லிவிடுவார்கள். இந்த மேதினிப்பூர்ச் சீமையிலிருந்து வெற்றிலைக் கூடைகள் வடக்கே வெகுதூரம் பிரயாணம் செய்கின்றன. வெற்றிலைக்கு ஈரம் வேண்டும். ஆகவே அந்தக் கூடையின் உட்புறம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி அமைக்கப்படுகிறது. கண்ணாடிச் சாமானுக்கு வைக்கோல் போதும். அதற்கு ஈரம் ஒரு பொருட்டல்ல, அதிர்ச்சிதான் பகை. வெள்ளிக்கும் பட்டுக்கும் அதிர்ச்சியும் பகை, ஈரமும் பகை. இவ்விரண்டுக்கும் மேலாகக் கண்ணுக்குத் தெரியாத வேறொரு பகையும் உண்டு. அதை நான் அறிந்துகொண்டது எங்கள் வீட்டுப் பெட்டி ஒன்றினால்.

என் தாயார் 1984-இல் திருமணமாகி, திருமங்கலத்திலிருந்து சென்னை வந்து, ஹவுரா மெயில் ஏறி இவ்வூருக்கு வந்தபோது கூடவே வந்தது அந்தத் தேக்குப் பெட்டி. இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அதில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, குங்குமச் சிமிழ், அரை டஜன் கரண்டிகள், ஒரு கூறைப்புடவை. பெட்டியின் உள்ளே நாற்புறமும், மூடியின் அடியிலும், என் அம்மாச்சி தம்முடைய பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கிழித்துச் சோற்றுக் கஞ்சிப் பசையால் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். சிவப்பு நிலத்தில் வெள்ளைப் புள்ளிகள். அம்மாச்சி காலமாகி வெகுநாளாகிவிட்டது. அவர்கள் கட்டிய துணியென்று எங்கள் வீட்டில் எஞ்சியிருந்தது அது ஒன்றே.

மதுரைப் பக்கத்து வறண்ட காற்றில் கஞ்சிப் பசை பத்திருபது ஆண்டுகள் பழுதின்றி இருக்கும். வங்காளத்தின் காற்று அப்படிப்பட்டதன்று. ஆனி பிறந்தால் ஐப்பசி வரையில் சுவரும் வியர்க்கும், உப்பும் கரையும். கஞ்சி என்பது உணவு. ஈரம் சேர்ந்தால் பூஞ்சக்காளான் அதை உண்ணும், ராமபாணப் பூச்சியும் கரப்பானும் அதைத் தேடி வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது, அடித்தளத்துத் துணி கறுத்துப் பொரிந்து, வெள்ளிச் சாமான்களும் மங்கிக் கிடந்தன.

அவ்வேளையில் என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டி அவளுக்கென்று என்றோ தீர்மானமாகிவிட்ட விஷயம். “பழைய துணியை உரித்துப் போட்டுவிட்டு வெல்வெட் வைத்துவிட்டால் பார்வையாக இருக்குமே” என்றாள் என் மனைவி. நியாயமான யோசனைதான். ஆனால் தாயார், “உரிச்சுப் போடுறதுக்கா எங்கம்மா ஒட்டிக் கொடுத்தாங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஒரு வாரம் வரை பெட்டியைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

வெல்வெட்டை வேண்டாமென்று வைக்க வேறொரு காரணம் தானாக வந்து சேர்ந்தது. எங்கள் குடியிருப்பிலேயே இன்னொரு தமிழ்க் குடும்பத்தார், ஒரு கடையில் கொடுத்துத் தங்கள் மேஜையின் இழுப்பறை ஒன்றுக்கு ரப்பர் நுரை வைத்து, அதன்மேல் நீலக் கம்பளித் துணி ஒட்டி அழகுபடுத்தி வாங்கி வந்தார்கள். நகைக்கடைப் பெட்டிபோல் இருந்தது. எட்டு மாதத்துக்குள் அதில் வைத்த வெள்ளித் தட்டும் டம்ளரும் கரிச்சட்டி நிறமாகிவிட்டன. கடைக்காரர் வெள்ளியிலே கலப்படம் என்றார். வெள்ளி வாங்கிய கடையில் கேட்டதற்கு வீட்டு அடுப்புப் புகை என்றார்கள். 

இரண்டும் அன்று. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். காற்றில் அணுவளவாகக் கந்தக ஆவி கலந்திருந்தாலும் வெள்ளி அதை இழுத்துக்கொண்டு கறுக்கும். ரப்பரைப் பக்குவப்படுத்துவதற்குக் கந்தகம் சேர்க்கிறார்கள். வெள்ளிக் கரண்டியின்மேல் ரப்பர் வளையம் போட்டு வைத்தால் அந்த இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கம்பளியோ ஆட்டு மயிர். மயிரில் இயற்கையாகவே கந்தகம் உண்டு. மயிர் கருகும்போது எழும் நாற்றத்துக்கும் அதுவே காரணம். மூடிய இழுப்பறைக்குள் ரப்பரையும் கம்பளியையும் சேர்த்து வைத்து, நடுவே வெள்ளியைப் படுக்க வைத்தால் வேறென்ன ஆகும்? பெங்கால் நாக்பூர் ரெயில்வே காலத்துத் துரைமார் பங்களாக்களில் முள்கரண்டிப் பெட்டிகளுக்குப் பச்சைக் கம்பளித் துணியைத்தான் உள்ளே ஒட்டியிருந்தார்கள் என்று ஒரு நண்பர் வாதாடினார். வாஸ்தவம். அந்த வீடுகளில் நாள் தவறாமல் வெள்ளியைத் துடைத்து வைப்பதற்கென்று ஆள் இருந்தான். நம் வீட்டில் அந்த ஆள் நாமேதான், அதுவும் பண்டிகைக்குப் பண்டிகை.

பொருட்காட்சிச் சாலைகளில் இந்தச் சங்கடத்துக்கென்றே ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973-இல் வெளியிட்டது. பழம்பொருளின் பக்கத்தில் வைக்க நினைக்கும் துணியையோ மரத்தையோ ஒரு துண்டு எடுத்து, வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் சிறு தகடுகளோடு, சிறிது ஈரமும் சேர்த்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைக்கிறார்கள். தகடு கறுத்தால் அந்தத் துணி ஆகாது. வருடக்கணக்கில் நேரக்கூடியதை ஒரே மாதத்தில் அறிந்துகொள்ளும் உபாயம் இது.

நான் அதை ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாகச் செய்து பார்த்தேன். தங்கையின் அறுந்துபோன பழைய கொலுசைத் துண்டாக்கி நன்றாகத் துலக்கி, ஐந்து ஹார்லிக்ஸ் சீசாக்களில் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்றில் ரப்பர் நுரை, ஒன்றில் கம்பளி, ஒன்றில் கடையில் வாங்கிய செயற்கை நூல் வெல்வெட், ஒன்றில் பலமுறை தோய்த்த பழைய வேட்டி, ஒன்றில் வெறுமனே ஈரப் பஞ்சு. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் ஒரு மாதம் இருந்தன. ரப்பர்ச் சீசாவில் கொலுசு நாலாம் நாளே மஞ்சளித்து, பிறகு கறுத்தது. கம்பளியோடு இருந்தது தேன் நிறமாயிற்று. வெல்வெட் குறையொன்றும் செய்யவில்லை. அதன் முதுகில் பூசியிருந்த பசைப் பக்கம் பட்ட இடம் மட்டும் மங்கியது. வேட்டித் துண்டோடு இருந்த கொலுசு போட்டபடியே இருந்தது. தாயார் ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “அப்ப எங்கம்மா வெச்ச பருத்தித் துணிதான் சரி” என்றார்கள். துணி சரிதான், பசைதான் இந்த ஊருக்கு ஆகவில்லை என்றேன். அதற்கு அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காஞ்சிப் பட்டின் சரிகை வெள்ளி இழையில் பொன்முலாம் பூசிச் செய்வது. ஆகவே வெள்ளிப் பாத்திரத்துக்கு ஆகாதது சரிகைக்கும் ஆகாது. வடநாட்டில் குடியிருக்கும் நாம் குளிருக்கென்று வாங்கிய சால்வையையும் ஸ்வெட்டரையும் கூறைப்புடவையோடு ஒரே பெட்டியில் திணிக்கிறோம். இரண்டையும் பிரித்து வையுங்கள். சேலையைத் தனியாகப் பழைய மல் வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்தால் சரிகை மடிப்பில் முறியாது. அந்துருண்டையைச் சரிகையில் படும்படி போட வேண்டாம். ஒரு சிறு துணிப் பையில் வசம்பைத் தட்டிப் போட்டு மூலையில் வைப்பது நம் முன்னோர் ஏட்டுச்சுவடிக்குச் செய்த காவல்.

பசையின்றித் துணியைப் பெட்டிக்குள் எப்படி நிறுத்துவது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. அதற்கு வழி காட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டு மாசிமா. வங்காளிப் பெண்மணி, என் தாயார் அவரைத் தீதி என்று அழைப்பார்கள். அவர் ஒரு நாள் தம் அலமாரியிலிருந்து ஒரு துணி உறையைக் கொண்டுவந்து விரித்தார். பழைய சேலைகளை அடுக்கடுக்காக வைத்து நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்ட ‘காந்தா’ வேலை. புத்தகமும் முக்கியமான பொருள்களும் சுற்றி வைப்பதற்கென்று அவருடைய அன்னை தைத்ததாம். இத்தகைய உறைக்குப் ‘பொஸ்தானி’ என்றும், கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைப்பதற்கு ‘ஆர்ஷிலதா’ என்றும் இந்நாட்டில் தனித்தனிப் பெயரே இருக்கிறது. தைக்கும் நூலைக்கூடக் கடையில் வாங்குவதில்லை. பழைய சேலையின் கரையிலிருந்தே இழை இழையாக உருவி எடுத்துத் தைப்பது வழக்கம். “என் அம்மாவின் சேலையைத்தான் நானும் வைத்திருக்கிறேன், ஆனால் ஒட்டி வைக்கவில்லை, தோய்த்து வெயிலில் போடுகிறேன்” என்றார் மாசிமா. நான் ஒரு மாதம் சீசா வைத்துச் சொன்னதைவிட அந்த ஒரு பேச்சு தாயாரிடம் அதிகம் பலித்தது.

வெந்நீரில் நனைத்த துணியை ஒட்டுத் துணியின்மேல் பரப்பி, சற்று நேரம் ஊறவிட்டால் கஞ்சிப் பசை இளகும். விளிம்பிலிருந்து மெல்ல உரித்தோம். உரித்தது தாயார்தாம், வேறு யாரையும் தொடவிடவில்லை. அடித்தளத்துத் துணி தேறவில்லை. பக்கங்களும் மூடியும் பெரும்பாலும் தேறின. சுங்குடிச் சாயம் நீரில் இறங்கலாம் என்பதால், நனைத்த வெள்ளைத் துணியால் மூலையில் ஒற்றிப் பார்த்து, பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசினார்கள். பெட்டியின் உட்புறத்தை வெறும் மரமாகவே உலர வைத்தோம். (பலா மரப் பெட்டி வைத்திருப்பவர்கள் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் எடுக்கும் மரம் அது. ஈரம் பட்டால் வெள்ளைத் துணியில் மஞ்சள் இறங்கும். உள்ளே ஒரு காடாத் துணியைத் தனியாக விரித்துக்கொள்வது நல்லது.)

பிறகு மாசிமாவும் தாயாரும் திண்ணையில் உட்கார்ந்து தைத்தார்கள். மேலே சுங்குடி, நடுவே தந்தையாரின் பழைய வேட்டி நான்கு மடிப்பு, அடியில் காடா. அடித்தளத்துக்கு ஒன்று, பக்கங்களுக்கு நான்கு, மூடிக்கு ஒன்று. எல்லாத் துணியையும் முதலில் தோய்த்துக் காயவைத்த பிறகே வெட்டினார்கள். அல்லாவிட்டால் பின்னால் சுருங்கும். நெருக்கத் தையலும் துணியை இழுத்துக்கொள்ளும். ஆதலால் ஒன்றரை அடிக்கு ஓர் அங்குலம் கூட வைத்து வெட்டுவது அவசியம். பக்கத் துண்டுகளின் மேல் விளிம்பில் நாடா வைத்து, பெட்டியின் உள்விளிம்பில் அடித்த சிறு பித்தளைக் கொக்கிகளில் கட்டினோம். ஆணி அடித்தது நான். அந்தத் திருப்பணியில் என் பங்கு அவ்வளவே. மேஜை இழுப்பறைக்கு இவ்வளவு வேலைகூட வேண்டாம். அளவாகத் தைத்த மெத்தை ஒன்றே அதன் கனத்தால் நிற்கும். மழைக்காலத்தில் வானம் வெளிவாங்கும் நாளெல்லாம் எடுத்து உதறி வெயிலில் போட்டுவிடலாம். வேலை ஆவணி முழுதும் நடந்தது. திண்ணையில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒருவருக்குத் தமிழ் வராது, மற்றவருக்கு வங்காளி அரைகுறை. ஆனால் பேச்சு ஓய்ந்ததாக நினைவில்லை.

தை மாதம் மதுரையில் தங்கையின் கல்யாணம் நடந்தது. பெட்டி அவளோடு புனாவுக்குப் போயிற்று. விளக்கையும் செம்பையும் தனித்தனியாக மல் துணியில் சுற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் இடையில் வேட்டித் துண்டுகளைச் செருகி நானே அடுக்கினேன். குலுக்கிப் பார்த்தபோது ஓசையில்லை.

புனாவில் மழை தொடங்கியதும் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பால்கனிக் கொடியில் சிவப்புச் சுங்குடி மெத்தைகள் ஆறும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள் இது எந்த ஊர் வேலை என்று கேட்டதாகவும், என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழித்ததாகவும் எழுதியிருந்தாள். அந்தப் படத்தைத் தாயார் மாசிமாவிடம் காட்டப் போய் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார்கள். படத்தின் ஓரத்தில் திறந்த பெட்டியும் தெரிந்தது. உள்ளே கரண்டிகள் ஆறும் ஒரு ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தன. அதை உடனே கழற்றிவிட்டு நூலால் கட்டும்படி மறுமொழி எழுதினேன்.