ஒரு கிணத்தைப் பார்க்க எவ்வளவு டேட்டா?

யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்குற மழைத் தண்ணியைத்தான் கிணத்தில் அள்ளுறம். 2015 வாக்கில் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரிய பிரச்சினையாக வெளியில் வந்தது. அப்படியான நேரத்தில் சனத்துக்குத் தேவை தங்கட கிணறு இருக்கிற ஒரு வரைபடம். அதுவும் ரீலோட் போட்ட கொஞ்ச டேட்டாவில், பழைய போனில் திறக்கவேணும்.

நான் ஊர்க் கிணறுகளை வரைபடமாக்கிப் பழகுறன். எந்த வகைக் கோப்பில் சேமிக்கிறது எண்டது சின்ன விசயம் மாதிரித் தெரியும். ஆனால் வரைபடத்தை யார் பார்க்கலாம் எண்டதை அதுதான் தீர்மானிக்குது.

1990களில் வந்த ஷேப்ஃபைலை எடுங்கோ. ஒன்றை அனுப்பக் குறைந்தது மூன்று கோப்பு அனுப்பவேணும். நிரலின் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8இல் "கிணறு" எண்டு எழுத 15 பைட் வேணும். எங்கட சொல்லே உள்ளுக்குப் போகாது.

ஜியோஜேசனில் தமிழ் வடிவா இருக்கும். வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேட்டிலேயே திருத்தலாம். அமைவிட எண்ணில் தசமப் புள்ளிக்குப் பிறகு 6 இலக்கம் போதும்; அதுவே 10 சென்ரிமீற்றர் அளவுக்குத் துல்லியம். 15 இலக்கம் வீண் பாரம். சில நூறு கிணறுகளுக்கு இது காணும். முழு மாவட்டத்தையும் போட்டால், சுன்னாகத்தில் ஒரு கிணத்தைப் பார்க்கிறவரும் பருத்தித்துறை வரைக்கும் எல்லாத்தையும் இறக்கவேணும்.

ஃபிளாட்ஜியோபஃப் வேற மாதிரி. கோப்பின் முன்பக்கத்தில் எந்த இடத்துத் தரவு எங்க இருக்கெண்டு ஒரு சுட்டி இருக்கும். சந்திக் கடையில் விசாரிச்சுப்போட்டு நேரா ஒழுங்கைக்குள் போற மாதிரி, போன் அந்தச் சுட்டியைப் பார்த்துத் தேவையான துண்டை மட்டும் வாங்கும். வீதி, கட்டடம் தெரியிற பின்னணிப் படத்துக்குப் பிஎம்டைல்ஸ் நல்லது. சின்னச் சதுரங்களா வெட்டின படம் முழுக்க ஒரே கோப்புக்குள் இருக்கும். இரண்டுக்கும் தனிச் சேர்வர் வேண்டாம். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் குடுக்கத் தெரிஞ்ச சாதாரண சேமிப்பிடம் போதும். கையில் காசில்லாத எங்களுக்கு இது பெரிய விசயம்.

ஆனால் இவற்றைக் கையால் திருத்தேலாது. ஒவ்வொரு முறையும் புதிசா உருவாக்கவேணும். அதால திருத்துறதுக்கு ஜியோஜேசன், சனத்துக்குக் குடுக்கிறதுக்கு மற்றது எண்டு வைச்சிருக்கிறன்.

நீங்களும் வரைபடம் செய்தால், லாப்டாப்பில் வைஃபையில் பார்த்துத் திருப்திப்படாதேங்கோ. வீட்டில் இருக்கிற ஆகப் பழைய போனில், மொபைல் டேட்டாவில் ஒருக்காத் திறந்து பாருங்கோ.