கேம்ப் பெரி: ஏரியைப் பார்த்துச் சுடும் குடும்பங்கள்

ஜூலை மாதக் காலை. ஈரி ஏரியிலிருந்து காற்று வீசிக்கொண்டிருக்கிறது. புல்வெளியில் நீண்ட வரிசையாகப் பாய்கள் விரித்திருக்கின்றன. ஒரு பாயில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் குப்புறப் படுத்திருக்கிறார். அடுத்த பாயில் பள்ளிக்கூடச் சிறுமி. இருவர் கையிலும் ஒரே மாதிரி மெல்லிய ரைஃபிள். முன்னால் 50 கஜ தூரத்தில் காகித டார்கெட்டுகள். அதற்குப் பின்னால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான்!

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், போர்ட் கிளின்டன் என்ற சிற்றூருக்கு மேற்கே இருக்கிறது கேம்ப் பெரி. குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டவர்களுக்கு இது திருவிழா ஊர். தேசியப் போட்டிகள் 1907-ல் இங்கு வந்தன. அன்றிலிருந்து கோடைக்காலம் என்றால் கார்களும் வேன்களும் பல மாநிலங்களின் நம்பர் பலகைகளோடு இந்தப் பாதையில் திரும்பும்.

ஏன் ஏரிக்கரை? காரணம் எளிமையானது. குறி தவறிய குண்டு போய் விழ ஆளில்லாத இடம் வேண்டும். தண்ணீரை விட வசதியான இடம் எது? ஆனால் அந்தத் தண்ணீரில் மீன்பிடிப் படகுகளும் போகும். தடை செய்த எல்லைக்குள் படகு ஒன்று வந்துவிட்டால் மொத்தப் போட்டியும் நிற்கும். நூற்றுக்கணக்கானவர்கள் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு, வால்ஐ அல்லது பெர்ச் மீன் தேடி வந்த யாரோ ஒருவர் மெதுவாக விலகிப் போகும்வரை காத்திருப்பார்கள். இங்கே பழகியவர்கள் அதற்காகவே ஒரு பிளாஸ்க் காபி கூடுதலாகக் கொண்டுவருவார்களாம்.

பெயருக்குக் காரணமான பெரி, தண்ணீரில் சண்டையிட்ட மனிதர். 1813 செப்டம்பர் 10-ம் தேதி இந்த ஏரியில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தோற்கடித்த ஆலிவர் ஹஸார்ட் பெரி. அவர் வெற்றியின் நினைவாக எதிரே உள்ள புட்-இன்-பே தீவில் 352 அடி உயரத் தூண் நிற்கிறது. மேற்குப் பக்கம் பார்த்தால் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் தெரியும். கிழக்கே தூண், மேற்கே கோபுரம், நடுவில் துப்பாக்கிச் சத்தம். விசித்திரமான நிலக்காட்சிதான்.

இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலிய, ஜெர்மானியப் போர்க்கைதிகளை இங்கு அடைத்து வைத்திருந்தார்கள். போர் முடிந்து கைதிகள் ஊர் திரும்பினார்கள். அந்தக் காலத்துச் சின்னச் சின்ன வெள்ளைக் குடில்களில் பிறகு பல வருடங்கள் போட்டியாளர்கள் படுத்துத் தூங்கினார்கள். கொசு கடித்தது, மழை ஒழுகியது என்று குறை சொல்லிக்கொண்டே அடுத்த வருடமும் வந்து நின்றார்கள்.

இந்த மைதானத்தின் பெரிய போட்டிகள் ராணுவ ரக ரைஃபிள்களுக்கானவை. 200, 300, 600 கஜம் என்று தூரம் நீளும். அவற்றுக்கான நல்ல தோட்டா ஒன்றின் விலை ஒரு டாலரைத் தொடும், தாண்டும். ஒரு நாள் பயிற்சிக்கே நூறு டாலர் கரைந்துவிடும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமே சுட ஆசைப்பட்டால்? மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

அந்த வீடுகளுக்காக வந்ததுதான் 'ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர்' போட்டி. சி.எம்.பி. எனப்படும் குடிமக்கள் குறிசுடும் திட்ட அமைப்பு இதை நடத்துகிறது. பாயின்ட் 22 ரக ரைஃபிள் மட்டும்தான் அனுமதி. எடை ஏழரை பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 3.4 கிலோவுக்கு மேல், இருக்கக் கூடாது. விசையை இழுக்க மூன்று பவுண்டு அழுத்தமாவது வேண்டும். தொலைநோக்கி பொருத்தினால் ஆறு மடங்குக்கு மேல் பெரிதாக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளின் அர்த்தம் ஒன்றுதான்: பல ஆயிரம் டாலர் கொட்டி வாங்கிய பிரத்யேக ரைஃபிள் இங்கே செல்லாது. தாத்தா வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வந்தது செல்லும்.

மொத்தம் 60 குண்டுகள். படுத்துச் சுடுவதும் உட்கார்ந்து அல்லது மண்டியிட்டுச் சுடுவதும் 50 கஜத்தில். நின்று சுடுவது 25 கஜத்தில். ஒவ்வொரு நிலையிலும் பத்து குண்டு நிதானமாக, பத்து குண்டு வேகமாக. முழு மதிப்பெண் 600. நிதானச் சுற்றில் மூச்சைப் பிடித்து அழகாகச் சுட்டவர்கள், வேகச் சுற்றில் ஐந்து குண்டுக்கு அரை நிமிடம்கூட இல்லை என்றதும் பதறுவதைப் பார்க்க வேண்டும்!

ரிம்ஃபயர் என்றால் என்ன? பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு பொறி மூடி இருக்கும். சுத்தியல் அதைத் தட்டினால் நெருப்பு பிறக்கும். பாயின்ட் 22-ல் அந்த மூடி கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளே குழிவாக இருக்கும். பொறி மருந்தை ஈரமாக வைத்து, கூட்டைச் சுழற்றி, அந்த விளிம்புக்குள் பரவச் செய்கிறார்கள். சுத்தியல் விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். பாகங்கள் குறைவு, அதனால் விலையும் குறைவு. 1857-லேயே ஸ்மித் அண்ட் வெஸன் இந்த ரகத்தில் கைத்துப்பாக்கி விற்றது. இன்று எல்லோரும் சுடும் 'லாங் ரைஃபிள்' தோட்டா 1887-ல் வந்தது. குண்டின் எடை 40 கிரெய்ன். நம் கணக்கில் இரண்டரை கிராமுக்குச் சற்று அதிகம்.

மலிவுக்கு ஒரு விலையும் உண்டு. விளிம்பு முழுக்க மருந்து சீராகப் பரவாவிட்டால் தோட்டா வெடிக்காது. சுட்டு முடித்த கூட்டில் விளிம்பு நசுங்கிவிடுவதால், பெரிய தோட்டாக்களைப் போல வீட்டில் மறுபடி நிரப்பவும் முடியாது. ஆக, கடையில் வாங்குவது ஒன்றே வழி. இது பின்னால் ஒரு பெரிய தலைவலியானது.

கேம்ப் பெரி வரிசையில் நடந்துபோனால் சில ரைஃபிள்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அதிகம் தென்படுவது ரூகர் 10/22. 1964-ல் வந்தது. பத்து குண்டு பிடிக்கும் உருண்டை மேகஸின், தானாக அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் அமைப்பு. வேகச் சுற்றில் இது பெரிய உதவி. பழுது பார்ப்பது சுலபம், உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். பழைய மார்லின் மாடல் 60-களும் உண்டு, பெரும்பாலும் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தவை. நெம்புகோலைக் கையால் இழுத்து ஒவ்வொரு குண்டாக ஏற்றுகிற 'போல்ட்' வகையில், அமெரிக்க சாவேஜும் செக் நாட்டு சி.ஸெட்.டும் பெயர் பெற்றவை. புதிதாக ஆரம்பிப்பவருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, போல்ட் வகைதான் நல்லது என்று மூத்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு குண்டு போனதும் கை தானாக நிற்கும். யோசிக்க இடம் கிடைக்கும். வீணாகும் தோட்டாவும் குறையும்.

ரைஃபிளை ஒரு முறை வாங்கினால் முப்பது, நாற்பது வருடம் ஓடும். தோட்டாவை வாழ்நாள் முழுக்க வாங்க வேண்டும். அதனால் இந்த மைதானத்தில் வாதம் சூடு பிடிப்பது துப்பாக்கியைப் பற்றி அல்ல, டப்பாவைப் பற்றித்தான்.

கடையில் பாயின்ட் 22 தோட்டாக்கள் ஐம்பது ஐம்பதாகச் சின்னப் பெட்டியில் வரும். பத்துப் பெட்டி சேர்ந்தால் 500. அதை 'பிரிக்', அதாவது செங்கல் என்பார்கள். அளவும் கனமும் கிட்டத்தட்ட அப்படித்தான். சாதாரண ரகம் ஒன்று சுமார் ஏழெட்டு சென்ட். ஒரு செங்கல் நாற்பது டாலருக்குள் முடிந்துவிடும். ஒலிம்பிக் வீரர்கள் பயன்படுத்தும் உயர் ரகம் ஒன்றே நாற்பது சென்ட் அளவுக்குப் போகும்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, 'அதிவேகம்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதை வாங்குவது. வேகம் அதிகம் என்றால் நல்லதுதானே? இங்கே இல்லை. அதிவேகக் குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, போகிற வழியிலேயே அதற்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் தடுமாற்றம் வரும். காற்று தள்ளுவதும் அதிவேகக் குண்டைத்தான் அதிகம் பாதிக்கும். கேட்கும்போது நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஏரிக்காற்றில் சுட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒலிக்குச் சற்றுக் கீழே, நொடிக்கு 1,070 அடி போலப் பறக்கும் 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' பெட்டிகள்தான் பாய்களின் ஓரத்தில் அதிகம் திறந்து கிடக்கும். ஐடஹோவின் லூயிஸ்டனில் தயாராகும் சி.சி.ஐ. அதில் நெடுநாள் பழக்கமான பெயர். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பவர்கள் ஜெர்மனியின் எஸ்.கே. பக்கம் போவார்கள். மெக்சிகோவின் அகிலாவுக்கும் ரசிகர்கள் உண்டு.

இதில் எது நல்லது என்று கேட்டால், அனுபவசாலிகள் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். "உன் ரைஃபிளைக் கேள்" என்பார்கள். கேலி இல்லை, உண்மையே அதுதான். ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு இருந்தால், ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றொன்றுக்குப் பிடிக்காது. கேட்கும் முறை இதுதான்: நாலைந்து ரகங்களில் ஒவ்வொரு பெட்டி வாங்க வேண்டும். ரைஃபிளை மணல் மூட்டை மேல் அசையாமல் வைத்து, 50 கஜத்தில் ஐந்து ஐந்தாகச் சுட வேண்டும். ரகம் மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஏனென்றால் குழாய்க்குள் பழைய குண்டின் மெழுகு இருக்கும். பிறகு ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று அளக்க வேண்டும். பல தடவை பத்து சென்ட் தோட்டா முப்பது சென்ட் தோட்டாவை ஜெயித்துவிடும். அந்த நாள் வீட்டுக்காரர் முகத்தில் தெரியும் சந்தோஷமே தனி!

பிடித்த ரகம் தெரிந்ததும், பெட்டியில் அச்சடித்திருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். அதே எண்ணில் எத்தனை செங்கல் இருக்கிறதோ அத்தனையும் வேண்டும். தொகுதி மாறினால் ருசி மாறும். ஒரே கடைத் தூள், போன மாத மிளகாய், இந்த மாத மிளகாய் என்று நம் வீடுகளில் புலம்புவதில்லையா, அதே கதைதான்.

இந்தச் சந்தோஷத்தின் மேல் ஒரு நிழலும் உண்டு. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடே உலுங்கியது. துப்பாக்கிக் கட்டுப்பாடு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. உடனே மக்கள் கடைகளுக்கு ஓடி, கண்ணில் பட்ட தோட்டாக்களை வாரிக்கொண்டு போனார்கள். விளையாட்டுக்குப் பயன்பட்ட பாயின்ட் 22-ம் தப்பவில்லை. அலமாரிகள் காலியாயின. தலைக்கு இத்தனை பெட்டி என்று ரேஷன் வந்தது. கடை திறக்கும் முன்பே வரிசை நின்றது. வாங்கியதை இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். மறுபடி நிரப்ப முடியாத தோட்டா என்பதால் வேறு வழியும் இல்லை. இந்தத் தட்டுப்பாடு சில வருடங்கள் நீடித்தது. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் குழுக்கள் பயிற்சியில் குண்டு எண்ணிக்கையைக் குறைத்தன.

பயம் யாருக்கோ, பதுக்கல் யாரோ செய்தது, பாயில் படுத்திருந்த சிறுமிக்குத்தான் தோட்டா இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது மறுபடியும் அதே காட்சி. அந்த வருடம் கேம்ப் பெரி போட்டிகளே ரத்தாயின.

துப்பாக்கியே எதற்கு என்று கேட்பவர்கள் அமெரிக்காவிலும் நிறைய இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இந்த மைதானம் பதில் சொல்வதில்லை. ஆனால் இங்குள்ள ஒழுங்கைக் கவனிக்கலாம். சுடாத நேரத்தில் ஒவ்வொரு ரைஃபிளின் வாயறையிலும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடி செருகியிருக்க வேண்டும். உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அது சாட்சி. டார்கெட் பார்க்க ஆட்கள் முன்னால் போயிருக்கும்போது ரைஃபிளை யாரும் தொடக் கூடாது. தொட்டால் வயதுகூடப் பார்க்காமல் அதட்டல் விழும். குண்டு ஈயம் என்பதால், சாண்ட்விச்சைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி அம்மாக்கள் துரத்துவார்கள்.

நம் ஊரில் இந்தத் தோட்டாவைச் சாமானியர் கடையில் போய் வாங்க முடியாது. லைசென்ஸ், கிளப், அனுமதி என்று படிகள் அதிகம். ஆனாலும் இது நமக்கு முற்றிலும் அந்நியமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றாரே, அவர் சுட்டதும் இதே பாயின்ட் 22 ரகம்தான். அதே மண்டியிடுதல், அதே படுத்தல், அதே நிற்றல்.

மதியத்துக்குள் போட்டி முடிந்துவிடும். பித்தளைக் கூடுகளைக் கூட்டிப் பெருக்கி வாளியில் கொட்டுகிறார்கள். மதிப்பெண் பலகையைச் சுற்றிக் கூட்டம். நின்று சுட்டதில் கோட்டைவிட்டவர்கள் காற்றைத் திட்டுகிறார்கள். கெட்டிக்காரர்கள் போர்ட் கிளின்டனுக்குக் கிளம்பிப்போய் பொரித்த பெர்ச் மீனுக்கு வரிசையில் நிற்கிறார்கள், அல்லது புட்-இன்-பே படகைப் பிடிக்கிறார்கள். மைதானத்தில் இன்னும் கிளம்பாத ஒரு சிலர், பாயைச் சுருட்டும் முன் மீதமுள்ள தோட்டாக்களை எண்ணி, பெட்டியின் ஓரத்திலிருக்கும் தொகுதி எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.