வீட்டில் நெய்தால்தான் ஹாரிஸ் ட்வீட்

ஒரு கம்பளித் துணிக்காகப் பிரிட்டன் நாடாளுமன்றம் 1993இல் தனிச் சட்டமே போட்டது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயம் தோய்த்து, அங்கேயே நூற்ற புதுக் கம்பளியைத் தீவுக்காரர் தம் வீட்டில் கையால் நெய்ய வேண்டும். அலசிப் பதப்படுத்துவதும் அங்கேயே நடக்க வேண்டும். அப்போதுதான் அது ஹாரிஸ் ட்வீட். அதே நூலை, அதே டிசைனை, அதே தீவில் ஓர் ஆலைக்குள் நெய்தாலும் அந்தப் பெயர் கிடையாது.

கெல்டிக் நாடுகளை முதுகுப்பையோடு சுற்றுவது என் ஆசை. அயர்லாந்தில் டொனிகால் பக்கம் அலைந்துவிட்டு, உல்லாப்பூலில் கப்பல் பிடித்து அந்த ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்றான லூயிஸுக்கு வந்தது காலனிஷ் நெடுங்கற்களைப் பார்க்கத்தான். கூட வந்த அக்காவுக்குக் கற்கள் அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டன. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் தரம் பார்ப்பவள் அவள். எங்கே துணியைக் கண்டாலும் முதலில் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பாள். அதன்பின் எங்கள் பயணம் அவள் போக்கில்தான் போனது.

கெரனன் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கினோம். கூரை வேய்ந்த கல்வீடுகள். 1974 வரை மக்கள் குடியிருந்தவை. ஒன்றில் விடுதி, இன்னொன்றில் பார்வையாளர்களுக்காக ஓட்டிக்காட்டும் பழைய ஹாட்டர்ஸ்லி தறி. முதல் உலகப் போருக்குப் பின் இத்தீவுகளுக்கு வந்த இரும்புத்தறி அது. காதைப் பிளக்கும் சத்தம். “இது காட்சிக்கு. பொழைப்புக்கு ஓடற தறி எங்கேன்னு கேளுடா” என்றாள் அக்கா.

அது சில மைல் தள்ளி ஒரு வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஆடுகள். அறுபதைத் தாண்டிய நெசவாளர் தறியிலிருந்து இறங்காமலேயே தலையசைத்து உள்ளே வரச் சொன்னார். போனாஸ்-கிரிஃபித் தறி, 1990களில் வந்த இரட்டை அகலம். நாடா கிடையாது, வளையும் பட்டையொன்று ஓடிப்போய் ஊடையைக் கவ்வி இழுத்து வருகிறது. சைக்கிள் போலவே இருக்கையும் பெடலும். ‘கையால் நெய்தது’ என்று சட்டம் சொன்னாலும் உழைப்பு முழுக்கக் காலுக்குத்தான். கொட்டகையில் மின்சாரம் விளக்குக்கும் கேலிக் மொழியில் பேசிக்கொண்டிருந்த ரேடியோவுக்கும் மட்டும்.

பாவு முடிந்தால் புதுப் பாவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகளைப் பழையதோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கோணியது.

ஊடைக்கண்டு ஒன்றை அக்கா கையில் எடுத்தாள். தூரத்தில் காய்ந்த புல்லின் பழுப்பு. நுனியை முறுக்கவிழ்த்துப் பிரித்தால் மஞ்சள், துரு நிறம், பச்சை, எதிர்பாராமல் ஒரு நீலம். நூலுக்குச் சாயம் போடுவதில்லை. கம்பளிக்கே போட்டு, பல நிறங்களை அளவாகக் கலந்து, அப்புறம்தான் நூற்கிறார்கள். அதனால்தான் வெயிலில் ஒரு நிறமும் மழையில் ஒரு நிறமுமாகத் தெரிகிறது. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. நூற்பதற்குச் சேர்த்த எண்ணெய். ஆலையில் அலசும்போதுதான் போகும். ஆலைகளுக்கு முந்திய காலத்தில், நாள்பட்ட மூத்திரத்தில் ஊறவைத்து, பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடியபடி துணியை அடித்து இறுக்கினார்கள். அந்தப் பாட்டுகளை இப்போது மேடையில் பாடுகிறார்கள். மூத்திரத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை என்று நினைக்கிறேன்.

“நூல் யாரோடது?” அக்கா ஆரம்பித்தாள். ஆலையுடையது. டிசைன்? அதுவும். பாவைச் சுற்றி வேனில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். நெய்ததை வேனே எடுத்துப்போகிறது. தறி இவருடையது, கால் இவருடையது. கூலி நெய்த நீளத்துக்கு.

கொங்கு நாட்டில் வளர்ந்த எங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. புதிது அந்தச் சட்டம். அது பெயரைக் காக்கிறது, ஊரைக் காக்கிறது, ஆர்டரைக் கொண்டுவராது. 2006 இறுதியில் தீவின் பெரிய ஆலையை வாங்கிய புது முதலாளி, ஆயிரக்கணக்கில் இருந்த டிசைன்களை நான்காகக் குறைத்து, துணியை வெளியே விற்காமல் தம் மேல்கோட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். வீடுவீடாகத் தறிகள் நின்றன. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மீறப்படவில்லை. 2007இல் ஷாபோஸ்ட் ஊரில் இருந்த இன்னோர் ஆலை புது நிர்வாகத்தில் திரும்பத் திறந்த பிறகுதான் வேன் பழையபடி ஓடியது.

ஆலையை நம்பாதவர்களும் உண்டு. நூலை விலைக்கு வாங்கி, சொந்த டிசைனில் நெய்து, அலசுவதற்கு மட்டும் ஆலைக்கு அனுப்பித் தாமே விற்பவர்கள். ஹாரிஸ் பகுதியில் லஸ்கென்டைர் ஊரில் கொட்டகை வைத்திருந்த டொனல்ட் ஜான் மெக்காயைத் தேடி 2004இல் நைக்கி காலணி நிறுவனமே வந்தது. கேட்ட அளவை ஒரு தறியால் முடிக்க முடியாது. மற்ற நெசவாளர்களும் ஆலையும் சேர்ந்துதான் முடித்தார்கள்.

நீங்களும் அப்படிச் செய்யலாமே என்று எங்கள் நெசவாளரிடம் கேட்டோம். விற்கப் போனால் ஆட்டை யார் பார்ப்பது என்றார். குட்டி போடும் பருவத்தில் தறி சும்மா கிடக்குமாம். கேட்க மேஸ்திரி இல்லை, சங்கு இல்லை. ‘வீட்டில்’ என்று சட்டம் பிடிவாதம் பிடிப்பதில் அவருக்கு லாபம் இதுதான் என்று தோன்றியது. மூன்று ஷிப்டு பார்த்த அக்கா வெகுநேரம் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அந்தப் பழுப்புத் துணியில் இரண்டு மீட்டர் வேண்டும் என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். துணி அவருடையதல்ல, விற்க முடியாது. தவிர, இன்னும் அது ஹாரிஸ் ட்வீட்டே இல்லை. ஆலையில் அலசி, குறை தைத்து, ஆய்வாளர் பார்த்து, 1911 முதல் குத்திவரும் அந்தச் சிலுவை வைத்த உருண்டை முத்திரையைப் பதித்தால்தான் பெயர் வரும். வேண்டுமானால் ஸ்டோர்னோவேயில் கடை இருக்கிறது என்று வழி சொன்னவர், உடனே தலையாட்டினார். மறுநாள் ஞாயிறு. கடை திறக்காது, பஸ் ஓடாது, அவரும் தறியில் ஏற மாட்டார்.

“திங்கக்கிழமை போய்க்கலாம்” என்றாள் அக்கா. எங்களுக்குக் கப்பல் அன்றைக்குக் காலையில்.