கால் வைக்கிற எடம்

எங்க தாத்தன் சால்பறி தைத்தவர். அப்பன் கொஞ்ச நாள் தைத்துவிட்டுச் சாயப்பட்டறைக்குப் போனவர். நான் காருக்கு ஒயர் இழுக்கிறவன். தாத்தன் கையில் ஆவாரம்பட்டைக் கறை இருந்தது. அப்பன் கையில் அன்னைக்கு எந்தச் சாயமோ அந்தக் கலர். என் கையில் ஆயில். கலர்தான் மாறிக்கொண்டு வந்தது, நாங்க மாதாரிதான்.

இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சால்பறி தெரியாது. கிணற்றிலிருந்து மாட்டைப் பூட்டித் தண்ணி இறைப்பதைக் கவலை ஓட்டுவது என்பார்கள். மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். சாலுக்குக் கீழே வால் மாதிரி ஒரு தோல்குழாய். வால் கயிற்றைப் பிடித்து அதை வாய்க்காலில் விட்டால் தண்ணி கொட்டும். அந்தத் தோலை உரித்து, பதம் போட்டு, தைத்து, கிழிந்தால் ஓடிப்போய் ஒட்டுப் போடுவது சக்கிலியன் வேலை. கூலி ரூபாயாக வராது. அறுப்புக்கு அறுப்பு களத்துமேட்டில் தானியம். ஒரு மாதாரி குடும்பத்துக்கு இத்தனை தோட்டம் என்று பாத்தியம். தைக்கிற வரைக்கும் நீ வேண்டியவன், தொடக்கூடாதவனும் நீதான். நாங்க தைத்த தோலில் வந்த தண்ணி தீட்டில்லை, நாங்க தொட்ட செம்புத் தண்ணி தீட்டு. இதற்கு யாரும் எனக்கு இதுவரை விளக்கம் சொன்னதில்லை.

1930களில் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது. கோயம்புத்தூரிலேயே மோட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். கரண்டு போகாத கிணற்றுக்கு ஆயில் எஞ்சின். ஜி.டி. நாயுடுவைப் பற்றியும் கோவை மோட்டாரைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒரு மோட்டார் கிணற்றில் இறங்கினால் ஒரு சக்கிலியன் களத்துமேட்டிலிருந்து வெறும் கூடையோடு திரும்பி வந்தான் என்பதை யார் எழுதினார்கள்? எங்க ஊரில் அறுபதுகளோடு கவலை முடிந்தது. தாத்தன் கொஞ்ச காலம் எஞ்சினுக்குத் தோல் பெல்ட் ஒட்டுப் போட்டார், பம்புக்குத் தோல் வாசர் வெட்டினார். அதற்கும் ரப்பர் வந்துவிட்டது.

மின்கட்டணம் ஏற்றியதை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் போராடின விவசாயிகள் மூன்று பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நினைவுத் தூண் இருக்கிறது. செத்தவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வருசம் எங்க வளவில் ஒரு பல்பு கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான். எங்களுக்கு வெளிச்சம் எம்.ஜி.ஆர் காலத்துக் குடிசைக்கு ஒரு விளக்குத் திட்டத்தில்தான் வந்தது.

நான் தொழிலுக்கு வந்தது 1984இல். பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த வருசம். அம்மா செக்கிங், நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கைமடி. திருப்பூரே மூடிக்கிடந்தது. சங்கக் கஞ்சி குடித்தோம். வயசு பன்னிரண்டு. தாராபுரம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டார்கள். மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, “எந்த ஊரு, எந்தப் பக்கம்?” அப்பன் சொல்லிக் கொடுத்திருந்தார்: “பல்லடம் பக்கமுங்க”ன்னு சொல்லி நிறுத்திக்கோ. நிறுத்திக்கொண்டேன். வீட்டில் நாங்க பேசுவது தெலுங்கு. அது வெளியே வந்துவிடாமல் ஏழு வருசம் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஏழு வருசத்தில் வேலை படித்தேன். டைனமோ, கட்-அவுட், செல்ப் மோட்டார். மேஸ்திரி கெட்டிக்காரர், பாடம் ஒளிக்கமாட்டார். வீட்டுக் கரண்டுக்குப் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர். காருக்குப் போகத்தான் ஒயர், திரும்பி வருவது பாடி வழியாக. அதைத்தான் எர்த் என்கிறோம். “லைட்டு எரியலீன்னா பல்பைப் பார்க்காதே, முதல்ல எர்த்தப் பாரு” என்பார். முப்பது வருசத்துக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்தில்தான் சோறு தின்கிறேன்.

1990இல் வளைகுடா நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும் எங்க ஒர்க்‌ஷாப்பில் வரிசை கட்டி நின்றது பழைய அம்பாசிடர்தான். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் போடவேண்டும். பனியன் கம்பெனிக்காரர்கள் தினமும் கோயமுத்தூர் போகவேண்டும், தூத்துக்குடி போகவேண்டும். பெட்ரோலில் லிட்டருக்கு 8, 9 ஓடிய வண்டி டீசலில் 12, 13 ஓடும், டீசல் விலையும் குறைவு. கம்பெனியிலிருந்தே டீசல் அம்பாசிடர் 1980லிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த எஞ்சினும் பழைய பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம், 1489 சி.சி., அதனால் பெரிய சண்டையில்லாமல் உட்கார்ந்துவிடும். ஆனால் அது இழுவைக்குப் போதாது என்று சிலர் மெட்டடோர் வேன் எஞ்சினைத் தேடிப்பிடித்து வருவார்கள். அதற்கு லேத்தில் தட்டு கடைந்து எஞ்சினையும் கியர்பாக்சையும் சேர்க்கணும். மவுண்டிங்கை வெட்டி ஒட்டணும். டீசல் எஞ்சின் கனம் ஜாஸ்தி, முன்பக்கம் மூக்கைத் தரையில் வைக்கும், டார்ஷன் பாரை முறுக்கி ஏற்றணும். மிஞ்சின டீசல் திரும்பி டேங்குக்குப் போகத் தனிக்குழாய் வேணும்.

எங்க எலக்ட்ரிக்கல் பக்கம் கேட்டால், காயில், டிஸ்டிரிபியூட்டர் எல்லாம் வெளியே போய்விடும். டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம், அமுக்கிற சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். ஆனால் காலையில் குளிர்ந்து கிடந்தால் ஹீட்டர் பிளக் வேணும். சாவியைத் திருப்பினால் அணையாது, டீசலை நிறுத்த டேஷ்போர்டில் ஒரு கேபிள் இழுக்கணும். செல்ப் மோட்டாருக்குப் பெரிய பேட்டரி, தடி ஒயர். மாற்றியதை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றவேண்டும், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. பிறந்ததிலிருந்து கூட வந்த எஞ்சினையே மாற்றி எழுதிக்கொள்ளக் காருக்குப் பாத்தியம் இருக்கிறது பாருங்கள்.

1991இல் ஒரு மார்க்-3 வந்தது. வேன் எஞ்சினை வேறு எங்கேயோ போட்டிருந்தார்கள். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, செல்ப் ‘டக் டக்’ என்று நின்றுவிடுகிறது, லைட் மங்கி மங்கி எரிகிறது. பேட்டரி புதுசு மாற்றியாச்சு, செல்ப் மோட்டார் இரண்டு தடவை பிரித்தாச்சு. அதைவிட, ஸ்டார்ட் பண்ணும்போது டேஷ்போர்டிலிருந்து புகை. டிரைவர், “பேயி புடிச்ச வண்டிங்க” என்றார்.

நான் செல்ப் அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். ஸ்டாப் கேபிளில்தான் புகை வருகிறது. கேபிளில் ஏது கரண்டு? அப்புறம் கீழே படுத்துப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு வரவேண்டிய பின்னல் பட்டை இல்லை. பழைய எஞ்சினோடு அதையும் கழற்றி எறிந்திருக்கிறார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் மிதக்கிறது. செல்ப் மோட்டார் இழுக்கிற சில நூறு ஆம்பியர் திரும்பி வரப் பாதையில்லாமல் கிடைத்த வழியாக வருகிறது. கிடைத்தது அந்த மெலிந்த ஸ்டாப் கேபிள். காய்ச்சின கம்பி மாதிரி சிவந்துவிடும். ஹீட்டர் பிளக்கும் அதே காரணத்தால்தான் சூடாகவில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தடி ஒயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு “இப்ப அடிங்கண்ணா” என்றேன். ஒரே அடி, உறுமியது.

அந்தச் சந்தோசத்தில் நிமிர்ந்தேன். வண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். எங்க ஊர்க் கவுண்டர். தாத்தன் பறி தைத்த தோட்டம்.

“நீ ஆரு பையண்டா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், என் முகத்தில் அப்பனைப் பார்த்திருப்பார். “அட, நம்ம மாதாரி பேரனா நீயி? காரு வேலையெல்லாம் செய்யறயா?” கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மேஸ்திரி காதில் விழுந்தது.

வண்டியில் இன்னொரு கோளாறு பாக்கி. ஹாரன் ஃபியூஸ் அடிக்கடி போகிறது, மேடு பள்ளத்தில் மட்டும். நிற்கும்போது ஒன்றும் தெரியாது. எஞ்சின் பெரிசு என்று ஃபியூஸ் பெட்டியை உள்ளே மாற்றியிருந்தார்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஃபியூஸ் இருக்கிற இடத்தில் ஒரு பல்பைக் கட்டிவிட வேண்டும். ஒயர் எங்கே ஷார்ட் ஆனாலும் பல்பு எரியும். வண்டியை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு ஒயராக ஆட்டிப் பார்க்கணும். யாராவது உள்ளே உட்காரணும்.

அம்பாசிடர் மார்க்-3 முன்சீட்டு ஒரே பெஞ்சு. கியர் ஸ்டீயரிங்கில். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். டிரைவர் ஏறினார், கவுண்டர் ஜன்னலோரம் ஏறினார். நடுவில் இடம் இருந்தது. நான் கதவுகிட்ட நின்றேன். அவர் காலை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “கால் வைக்கிற எடத்துல குந்திக்கோ. கீழதான ஒயரு.”

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குந்தினேன். அவர் செருப்பு என் முழங்காலில் இடித்தது. தாராபுரம் ரோட்டில் நாலு கிலோமீட்டர். ஒவ்வொரு குழியிலும் தலை டேஷ்போர்டில் இடித்தது. பல்பு மின்னிய இடம் எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர். புது ஒயர் விடக் கன்னாபின்னாவென்று ஓட்டை போட்டிருந்தார்கள். ஓரத்தில் ரப்பர் இல்லை. தகரம் ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. சீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பொறி என் கண்ணில் பட்டிருக்காது. கீழே குந்தியதால்தான் தெரிந்தது. வேலைக்கு அது சரியான இடம்தான். ஆனால் அவர் அதற்காகச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் பல தோழர்களுக்கே புரிவதில்லை. “ஒயர் கீழதானே இருந்துச்சு?” என்று கேட்கிறார்கள்.

ஓட்டை கோணல், கடை ரப்பர் எதுவும் பொருந்தவில்லை. ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பன் ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து தாத்தனின் உளியையும் ஒரு தோல்துண்டையும் எடுத்தார். நான் காகிதத்தில் வரைந்து வந்த அளவுக்கு ஒரு வளையம் வெட்டினார். ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்து, மெழுகைக் காய்ச்சி முக்கி எடுத்தார். காலையில் கொண்டுபோய் மாட்டினேன். கச்சிதம். யாரிடமும் சொல்லவில்லை.

மேஸ்திரி என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. மறுநாள் டீ வந்தபோது சுவரில் புதுசாக ஒரு ஆணி, அதில் ஒரு எவர்சில்வர் டம்ளர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலேயே வந்துவிட்டது. இது 1991. ஈரோடு ஐம்பது கிலோமீட்டர். ஏழு வருசம் ஒரே போசியில் சோறு பிரித்துத் தின்ற பையன்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தனும் அந்த ஆணியைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. டீ குடிப்பதை நிறுத்திக்கொண்டேன். இரண்டு வருசம் கழித்து ஒரு புளியமரத்தடியில் சொந்தமாக ஆரம்பித்தேன்.

அப்புறம் எத்தனையோ. நொய்யல் கலர் கலராக ஓடியது. 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினார்கள், அப்பன் வீட்டில் உட்கார்ந்தார், நெஞ்சுச்சளியோடு போய்ச் சேர்ந்தார். 2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. அதே வருசம் டீசல் விலைக் கட்டுப்பாடும் போனது. டீசல் மாற்ற இப்போது யாரும் வருவதில்லை. தலைகீழாகி, பழைய வண்டியை வாங்கி அதில் மறுபடி பெட்ரோல் எஞ்சின் போட்டு, ‘ஒரிஜினல்’ ஆக்கிக் கல்யாணத்துக்கு விடுகிறார்கள்.

அப்படித்தான் போன வருசம் அந்த மார்க்-3 வந்தது. நம்பரைப் பார்த்ததும் தெரிந்தது. கவுண்டரின் பேரன். நல்ல பையன், படித்தவன். “அண்ணா, உள்ள உக்காந்து பாருங்கண்ணா” என்று கதவைத் திறந்துவிட்டான். உட்கார்ந்தேன். பெஞ்சு சீட்டு கிழிந்து தேங்காய்நார் தெரிந்தது.

பானெட்டைத் தூக்கி ஒயரிங்கைக் கழற்றும்போது தகரச் சுவரில் அந்த வளையம் அப்படியே இருந்தது. இறுகிக் கருத்திருந்தது, தையல் விடவில்லை. பையன் கையை விட்டுத் தடவிப் பார்த்தான்.

“இது என்னங்கண்ணா, ரப்பர் மாதிரி இல்லீங்க?”

“தோலு தம்பி. எங்கப்பன் தச்சது.”

கையை எடுத்துக்கொண்டான். சூடு பட்டிருக்கலாம். எஞ்சினை அணைத்து அரைமணி ஆகியிருந்தது.

“எல்லாத்தையும் புதுசா போட்டரலாங்களாண்ணா?” என்றான். போடலாம் என்றேன். வளையத்தை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பில்லில் ரப்பருக்கு இருபது ரூபாய் எழுதினேன்.